ஊராட்சி நூலகத்திற்குக் கணினி நூல்களைத் தெரிந்தெடுக்கும் முறை

கிருஷ்ணகிரி மாவட்டத்தின் மேற்குக் கோடியில், கர்நாடக எல்லையை ஒட்டி அமைந்துள்ள ஓசூர்ப் பகுதி, ஒரு காலத்தில் கேழ்வரகுக்கும் காய்கறிக்கும் பெயர் பெற்ற மேட்டு நிலப் பகுதியாக மட்டுமே இருந்தது. 1971-ஆம் ஆண்டில் சிப்காட் நிறுவனம் தோற்றுவிக்கப்பட்டு, அதன் தொழிற்பேட்டை ஓசூரில் எழுந்த பின்னர் இப்பகுதியின் தோற்றமே மாறிற்று. வாகனங்களும் கைக்கடிகாரங்களும் இயந்திர உறுப்புகளும் செய்யும் ஆலைகள் வந்தன. 2004-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் தருமபுரியினின்று பிரிந்து கிருஷ்ணகிரி தனி மாவட்டமாயிற்று. 2019-இல் ஓசூர் மாநகராட்சியாயிற்று. அத்திப்பள்ளியைத் தாண்டினால் பெங்களூரின் மின்னணு நகரம். அங்குள்ள கணினி நிறுவனங்களில் பணியாற்றும் இளைஞர் பலர் நம் கிராமங்களில் பிறந்தவர்களே.

ஆகவே, தக்காளி பயிரிடும் சூளகிரி விவசாயியும், ரோஜா பயிரிடும் தளி விவசாயியும் தம் மக்களைக் கணினிக் கல்வியில் ஈடுபடுத்த விரும்புவது இயல்பே. இவ்விருப்பம் வளர்ந்துள்ள அளவிற்கு, எந்த நூலைக் கொண்டு பயில்வது என்னும் தெளிவு வளரவில்லை. வலைத்தள நிரலாக்கம், தரவுத்தளம் ஆகிய இரண்டு துறைகளுக்கும் நல்ல நூல்களைத் தெரிந்தெடுப்பது எவ்வாறு என்பதை ஊராட்சி உறுப்பினர்களும் பெற்றோர்களும் அறிந்துகொள்ளும் பொருட்டு இக்கட்டுரை எழுதப்படுகிறது. கணினி அறியாதவரும் இச்சோதனைகளில் பெரும்பாலானவற்றைச் செய்ய இயலும்.

நாம் செய்த ஒரு பிழை

பிறருக்கு யோசனை கூறுமுன் நம் பிழையை ஒப்புக்கொள்வது முறையாகும். சில ஆண்டுகளுக்கு முன், நாம் பணியாற்றிய ஓர் ஒன்றியத்தில், ஊராட்சி நூலகம் ஒன்றிற்குக் கணினி நூல்கள் வாங்கும் பட்டியல் நம் மேசைக்கு வந்தது. நூல்களின் பெயர், எண்ணிக்கை, விலை, தள்ளுபடி ஆகியவை ஒழுங்காகக் குறிக்கப்பட்டிருந்தன. கூட்டல் சரியாக இருக்கிறதா என்று பார்த்தோம், கையொப்பமிட்டோம். அந்நூல்கள் எந்த ஆண்டில் எழுதப்பட்டவை என்று நாம் கேட்கவில்லை. பட்டியலில் அதற்கென ஒரு பத்தியும் இல்லை.

அவ்வூரில் தக்காளி பயிரிடும் ஒரு குடும்பத்தின் மகள் அந்நூல்களுள் ஒன்றை எடுத்துச் சென்று, இரவல் வாங்கிய ஒரு மடிக்கணினியில் பயிலத் தொடங்கினார். வலைத்தளத்தையும் தரவுத்தளத்தையும் இணைக்கும் பாடம் வந்ததும் தடை ஏற்பட்டது. நூலில் உள்ளவாறே எழுத்துக்கு எழுத்து தட்டச்சு செய்தும் கணினி அக்கட்டளையை அறியேன் என்றே கூறிற்று. பல நாள் முயன்றார். பின்னர், இக்கல்வி தமக்கு வராது என்று முடிவு செய்து நூலைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

கிராம சபைக் கூட்டத்திற்கு நாம் சென்றபோது அவரே இதனைக் கூறினார். "ஐயா, புத்தகத்தில் இருந்தபடியேதான் எழுதினேன். தப்பு என்னிடந்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன்" என்றார். கணினி அறிந்த ஓர் ஆசிரியரிடம் அந்நூலைக் காட்டி விசாரித்தோம். அந்நூல் கற்பித்த கட்டளைத் தொகுதி, பி.எச்.பி. என்னும் நிரல்மொழியின் ஏழாம் பதிப்பு 2015-ஆம் ஆண்டு டிசம்பரில் வெளிவந்தபோதே அறவே நீக்கப்பட்டுவிட்டது. அது கைவிடப்படவுள்ளது என்னும் எச்சரிக்கை 2013-லேயே கொடுக்கப்பட்டிருந்தது. அம்மாணவியிடம் பிழை ஏதும் இல்லை. பிழை நூலிலும், அந்நூலை வாங்க ஒப்புதல் அளித்த நம்மிடமுமே இருந்தது.

நூலுக்குச் செலவான தொகை சிறியது. ஆனால், ஓர் இளம்பெண் தன் அறிவின்மீது வைத்திருந்த நம்பிக்கையை அச்சிறு தொகை கொண்டு நாம் குறைத்துவிட்டோம். முளைக்காத விதையை வாங்கியவர் விதையைக் குறை கூறுவார். பயனற்ற நூலைப் படித்தவரோ தம்மையே குறை கூறிக்கொள்வார். நூல் தெரிவில் கவனம் வேண்டும் என்று நாம் வற்புறுத்துவதற்கு இதுவே காரணம்.

இவ்விரு துறைகளும் யாவை?

நூலைத் தெரிந்தெடுக்க வேண்டுமாயின், அது கற்பிக்கும் பொருள் இன்னதென்று ஓரளவேனும் அறிந்திருத்தல் வேண்டும். நம் வருவாய்க் கணக்குகளைக் கொண்டே இதனை விளக்கலாம்.

கிராம நிர்வாக அலுவலரிடம் சிட்டா என்றும் அடங்கல் என்றும் கணக்குகள் இருப்பதை விவசாயிகள் நன்கு அறிவர். இன்ன பட்டாதாரருக்கு இன்னின்ன புலங்கள் என்று பட்டா எண் வாரியாகக் காட்டுவது சிட்டா. இன்ன புலத்தில் இன்ன பயிர் நின்றது என்று புல எண் வாரியாகக் காட்டுவது அடங்கல். இரண்டையும் இணைப்பது புல எண்ணாகும். ஒரே செய்தியைப் பல கணக்குகளில் திரும்பத் திரும்ப எழுதி வைத்தால், நிலம் கைமாறும்போது ஓரிடத்தில் திருத்தி மற்றோரிடத்தில் மறந்துவிட நேரும். அங்கேதான் வழக்கு பிறக்கிறது. ஒவ்வொரு செய்தியையும் ஓரிடத்தில் மட்டும் எழுதி, எண்ணைக் கொண்டு ஒன்றோடொன்று இணைத்தால் இத்தொல்லை இல்லை.

தரவுத்தளத்தின் அடிப்படைக் கருத்தும் இதுவே. செய்திகளை அட்டவணைகளாக அமைத்து, பொது எண்களால் இணைக்கும் இம்முறையை, ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றிய எட்கர் காட் என்னும் அறிஞர் 1970-ஆம் ஆண்டில் ஓர் ஆராய்ச்சிக் கட்டுரையாக வெளியிட்டார். அவ்வட்டவணைகளிடம் வினா எழுப்பி விடை பெறுவதற்கான மொழியை, அதே நிறுவனத்தைச் சேர்ந்த சேம்பர்லின், பாய்ஸ் ஆகிய இருவரும் 1974-இல் அமைத்தனர். அதுவே இன்று எஸ்.கியூ.எல். என வழங்குகிறது.

வலைத்தள நிரலாக்கம் என்பது, அக்கணக்குகளைப் பொது மக்கள் தம் இடத்திலிருந்தே காணவும் விண்ணப்பிக்கவும் உதவும் வாயிலை அமைப்பதாகும். டிம் பெர்னர்ஸ் லீ என்பார் 1989-ஆம் ஆண்டில் ஐரோப்பிய அணு ஆராய்ச்சி நிலையத்தில் முன்மொழிந்த வலை அமைப்பே இதன் தொடக்கம். இதில் நான்கு பகுதிகள் உண்டு. விண்ணப்பப் படிவத்தின் கட்டங்களை வகுப்பது எச்.டி.எம்.எல். அப்படிவத்தைக் காண்பதற்கு ஒழுங்காக அமைப்பது சி.எஸ்.எஸ். படிவத்தைக் கொடுக்குமுன் கட்டங்கள் நிரப்பப்பட்டனவா என்று நம் கணினியிலேயே சரிபார்ப்பது ஜாவாஸ்கிரிப்ட். அலுவலகத்தில் அமர்ந்து படிவத்தைப் பெற்று, கணக்கைப் புரட்டி விடையளிக்கும் எழுத்தரைப் போல் இயங்குவது, சர்வர் எனப்படும் கணினியில் உள்ள நிரல், இதனைப் பி.எச்.பி., பைத்தான் முதலிய மொழிகளில் எழுதுவர். இன்று பட்டாவையும் சிட்டாவையும் இணைய வழியே பார்வையிடும் வசதி இவ்வமைப்பினாலேயே கிட்டிற்று.

கேழ்வரகும் தக்காளியும்

நம் பகுதி விவசாயிக்கு ஒரு செய்தி சொல்லித் தெரிய வேண்டுவதில்லை. நன்கு காய்ந்த கேழ்வரகைப் பல ஆண்டுகள் சேமித்து வைக்கலாம். ராயக்கோட்டைத் தக்காளியைச் சில நாள்களுக்குள் விற்றாக வேண்டும். கணினி நூல்களிலும் இவ்விரு வகை உண்டு.

அடிப்படைக் கருத்துகளைக் கூறும் நூல்கள் கேழ்வரகைப் போன்றவை. அட்டவணைகளை எவ்வாறு பிரித்தமைப்பது, ஒரே செய்தி இரண்டிடங்களில் வராமல் காக்கும் இயல்பாக்கம் என்னும் முறை யாது, இருவர் ஒரே நேரத்தில் ஒரே கணக்கைத் திருத்த முற்பட்டால் என்ன செய்வது என்பன போன்ற பாடங்கள் பல்லாண்டுகளாயினும் பெரிதும் மாறுவதில்லை. 1970-இல் காட் கூறிய அடிப்படை இன்றும் நிலைத்து நிற்கிறது.

குறிப்பிட்ட கருவியை, அதன் குறிப்பிட்ட பதிப்பைக் கற்பிக்கும் நூல்கள் தக்காளியைப் போன்றவை. பைத்தான் மொழியின் இரண்டாம் பதிப்பிற்கான ஆதரவு 2020-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளோடு முடிவுற்றது. ஒரு காலத்தில் வலைத்தளங்களில் எங்கும் காணப்பட்ட ஃபிளாஷ் என்னும் கருவி 2020-ஆம் ஆண்டு இறுதியோடு நிறுத்தப்பட்டது. இவற்றைக் கற்பிக்கும் நூல்கள் எத்துணை நன்றாக எழுதப்பட்டவையாயினும் புதிதாகப் பயில்வோருக்குப் பயன்படா.

ஆகவே, நூலகத்தின் சிறிய தொகையைப் பங்கிடும்போது, விலை மிகுந்த கனத்த நூல்களை அடிப்படைக் கருத்து நூல்களாக வாங்குதல் வேண்டும். அவை நெடுநாள் உதவும். கருவி நூல்களை அளவாகவும், விலை குறைந்தனவாகவும், கூடுமானால் விலையின்றிக் கிடைப்பனவாகவும் தேடிக்கொள்ளுதல் நன்று. பல ஊர்களில் இதற்கு நேர்மாறாகவே நடைபெறுகிறது.

ஐந்து சோதனைகள்

1. ஆண்டுச் சோதனை. நூலின் முகப்பு அட்டையைப் பார்ப்பதற்கு முன் அதன் பின்னுள்ள பக்கத்தைப் பார்க்க வேண்டும். அங்கே பதிப்பு ஆண்டும் மறு அச்சு ஆண்டும் தனித்தனியே காணப்படும். இவ்விரண்டும் ஒன்றல்ல. 2010-இல் எழுதப்பட்ட நூலை 2023-இல் மீண்டும் அச்சிட்டால் காகிதம் மட்டுமே புதியது; பாடம் பழையதே. திருத்திய புதிய பதிப்பு எந்த ஆண்டில் வந்தது என்பதையே கணக்கிட வேண்டும். கருவி நூலாயின், அது கற்பிக்கும் பதிப்பு எண்ணையும் குறித்துக்கொண்டு, அப்பதிப்பு இன்றும் வழக்கிலுள்ளதா என்று கணினி ஆசிரியரைக் கேட்டறிய வேண்டும்.

2. முளைப்புச் சோதனை. சான்று பெற்ற நெல் விதைக்கு நூற்றுக்கு எண்பது முளைப்புத் திறன் வேண்டும் என்பது விதி. ஈரச்சாக்கில் நூறு விதைகளை முடிந்து வைத்து எண்ணிப் பார்க்கும் வழக்கத்தையும் நாம் அறிவோம். அம்முறையையே நூலுக்கும் கையாளலாம். மொத்தமாக வாங்குமுன் ஒரு படியை மட்டும் பெற்று, அதன் பல பகுதிகளிலிருந்தும் பத்து நிரல்களை எடுத்து, கற்றறிந்த ஓர் இளைஞரைக் கொண்டு கணினியில் இயக்கிப் பார்க்கச் செய்தல் வேண்டும். எட்டேனும் குறையின்றி இயங்கினால் ஏற்கலாம், இல்லையேல் திருப்பிவிடலாம். இவ்வளவு நாம் வகுத்துக்கொண்டதே. எனினும், இதனைக் கைக்கொண்ட பின் நாம் ஏமாறியதில்லை.

3. பயிற்சிச் சோதனை. நீந்துவதைக் கரையிலிருந்து கற்க இயலாது. ஒவ்வொரு பாடத்தின் இறுதியிலும், மாணவர் தாமே செய்து பார்க்க வேண்டிய பயிற்சிகள் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். முழு வேலை ஒன்றைத் தொடக்கத்திலிருந்து இறுதி வரை செய்து முடிக்கும் பாடம் ஒன்றேனும் இருத்தல் நலம். சில நாள்களில் வல்லுநராக்குவதாக அட்டையில் உறுதி கூறும் நூல்களைக் கண்டு மயங்கலாகாது. பீட்டர் நார்விக் என்னும் கணினி அறிஞர், நிரலாக்கத்தைச் செவ்வையாகக் கற்கப் பத்தாண்டு தேவை என்று ஒரு கட்டுரையே எழுதியுள்ளார். பத்தாண்டு காத்திருக்க வேண்டும் என்பதன்று இதன் பொருள். இடைவிடாப் பயிற்சி வேண்டும் என்பதே பொருள்.

4. காவல் சோதனை. இது மிகவும் இன்றியமையாதது. ஒருவர் விண்ணப்பத்தில் பெயர் எழுத வேண்டிய இடத்தில், "கந்தசாமி, இக்கணக்குப் புத்தகத்தை எரித்துவிடுக" என்று எழுதிக் கொடுப்பதாக வைத்துக்கொள்வோம். எழுத்தர் அதனைப் பெயர் என்று கொள்ளாமல் ஆணை என்று கொண்டு எரித்துவிட்டால் என்ன ஆகும்? கவனமின்றி எழுதப்பட்ட வலைத்தள நிரல் இவ்வாறே ஏமாறும். மக்கள் தட்டச்சு செய்வதை அப்படியே தரவுத்தளக் கட்டளையோடு ஒட்டுவதே இதற்குக் காரணம். கட்டளையை முன்கூட்டியே ஆயத்தம் செய்து வைத்து, மக்கள் தருவதைச் செய்தியாக மட்டும் தனியே செலுத்துவது பாதுகாப்பான முறை. இம்முறையை நூல் தொடக்கத்திலேயே கற்பிக்கிறதா என்று காண வேண்டும். கடவுச்சொற்களை உள்ளபடியே எழுதி வைக்கக் கற்பிக்கும் நூலையும் ஒதுக்கிவிட வேண்டும். நாளை நம் மக்களின் கைப்பேசி எண்ணும் வங்கிக் கணக்கு எண்ணும் இம்மாணவர் எழுதும் நிரல்களின் காவலில்தான் இருக்கப்போகின்றன.

5. தமிழெழுத்துச் சோதனை. நம் எல்லைப் பகுதியில் தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது ஆகிய மொழிகள் பேசும் மக்கள் கலந்து வாழ்கின்றனர். இவர்களுடைய பெயர்களையும் ஊர்ப் பெயர்களையும் அவரவர் எழுத்திலேயே பதிந்து வைக்கும் ஆற்றல் தரவுத்தளத்திற்கு வேண்டும். உலகப் பொது எழுத்து முறையாகிய யூனிகோடு இதற்கு உதவுகிறது. தமிழக அரசும் 2010-ஆம் ஆண்டில் இம்முறையை ஏற்றது. மை எஸ்.கியூ.எல். என்னும் தரவுத்தள மென்பொருளின் பழைய பதிப்புகளில், தனியே ஏற்பாடு செய்யாவிடில் தமிழ்ப் பெயர்கள் கேள்விக் குறிகளாக மாறிவிடும். 2018-இல் வந்த எட்டாம் பதிப்பு முதல் இவ்வேற்பாடு இயல்பாகவே அமைந்துள்ளது. இதைப் பற்றி ஒரு பக்கமேனும் கூறாத நூல், நம் ஊர் வேலைக்கு முழுதும் உதவாது.

எந்நூலில் தொடங்குவது?

தொடங்குவோருக்கு நாம் முதலில் கூறும் நூல் பலருக்கு வியப்பளிக்கலாம். அது கடையில் தேட வேண்டிய நூலன்று. பல வீடுகளில் பரணில் கிடப்பதே. தமிழக அரசின் மேல்நிலை வகுப்புப் பாடநூல்களையே கூறுகிறோம். 2018-ஆம் ஆண்டில் வெளிவந்த பதினோராம் வகுப்புக் கணினிப் பயன்பாடுகள் நூலில் எச்.டி.எம்.எல்., சி.எஸ்.எஸ்., ஜாவாஸ்கிரிப்ட் ஆகியவை பாடமாக உள்ளன. 2019-இல் வந்த பன்னிரண்டாம் வகுப்பு நூலில் தரவுத்தள அறிமுகமும், பி.எச்.பி. மொழியும், அதனை மை எஸ்.கியூ.எல். உடன் இணைக்கும் முறையும் உள்ளன. அதே வகுப்பின் கணினி அறிவியல் நூல் பைத்தானையும் எஸ்.கியூ.எல். மொழியையும் கற்பிக்கிறது. இவை தமிழிலும் ஆங்கிலத்திலும் வெளிவந்தமையால் இரண்டையும் அருகருகே வைத்துப் பயிலலாம். அறிவியல் பிரிவில் கணினி படிக்காத மாணவரும், பள்ளிப் படிப்பை முடித்துவிட்டவரும் இவற்றால் பயன் பெறலாம்.

இரண்டாவதாக, தமிழில் விருப்பமுடன் எழுதி விலையின்றி வழங்கப்படும் நூல்கள் உள்ளன. 2012-ஆம் ஆண்டு தொடங்கிய கணியம் என்னும் மின்னிதழ் கட்டற்ற மென்பொருள் குறித்த கட்டுரைகளைத் தமிழில் வெளியிட்டு வந்துள்ளது. அவ்விதழில் எழுதிய து. நித்யா அவர்களின் 'எளிய தமிழில்' என்னும் வரிசையில் மை எஸ்.கியூ.எல். முதலியன பற்றிய நூல்கள் மின்னூல்களாகக் கிடைக்கின்றன. இவற்றைப் படியெடுத்துப் பிறருக்கு வழங்கவும் உரிமையளிக்கப்பட்டுள்ளது. எனினும், இவற்றிற்கும் ஆண்டுச் சோதனை உண்டு. கருத்தை இவற்றில் கற்று, கட்டளையை இன்றைய பதிப்போடு ஒப்பிட்டுக்கொள்ள வேண்டும். பம்பாய் ஐ.ஐ.டி. தயாரித்துள்ள, தமிழ்க் குரலுடன் கூடிய கணினிப் பாடப் படங்களையும் துணையாகக் கொள்ளலாம்.

மூன்றாவதாக, அடித்தளம் அமைந்த பின், ஆங்கில நூல்களுக்குச் செல்லலாம். தரவுத்தளத்திற்கு 'டேட்டாபேஸ் சிஸ்டம் கான்செப்ட்ஸ்' என்னும் நூல் கல்லூரிகளில் பெரிதும் வழங்கி வருவது. சில்பர்ஷாட்ஸ், கார்த், சுதர்சன் ஆகிய மூவர் எழுதியது. இவர்களுள் சுதர்சன் பம்பாய் ஐ.ஐ.டி.யில் பேராசிரியர். முதற் பதிப்பு 1986-லும் ஏழாம் பதிப்பு 2019-லும் வெளிவந்தன. இது நாம் கூறிய கேழ்வரகு வகை நூல். ஒன்றியத்திற்கு ஒரு படியேனும் இருப்பது நலம். ஜாவாஸ்கிரிப்டுக்கு மரைன் ஹாவர்பெக் எழுதிய 'எலொக்வென்ட் ஜாவாஸ்கிரிப்ட்' என்னும் நூலின் நான்காம் பதிப்பு 2024-இல் வந்தது. அதனை இணையத்தில் விலையின்றியே படிக்கலாம். பயிற்சிகளை அப்பக்கத்திலேயே செய்தும் பார்க்கலாம். எனினும் அது முதல் நூலன்று, மூன்றாம் நூல் என்பதை நினைவிற்கொள்ள வேண்டும்.

கருவிகளுக்கும் பணம் செலவிட வேண்டுவதில்லை. மை எஸ்.கியூ.எல்., போஸ்ட்கிரஸ் எஸ்.கியூ.எல்., எஸ்.கியூ.லைட் ஆகிய தரவுத்தள மென்பொருள்கள் விலையின்றிப் பெறத்தக்கவை. தொடங்குவோருக்கு எஸ்.கியூ.லைட் சாலச் சிறந்தது. பழைய கணினியிலும் இயங்கும். கல்வி தொடங்குமுன் விலை உயர்ந்த மடிக்கணினிக்குக் கடன் வாங்கும் பெற்றோர் இதனைக் கவனிப்பாராக.

மொழி பற்றிய ஒரு சொல்

தமிழ் நூல் போதுமா, ஆங்கில நூல் வேண்டுமா என்று பெற்றோர் பலர் கேட்கின்றனர். எல்லையைத் தாண்டி வேலைக்குச் செல்வோர்க்கு ஆங்கிலச் சொற்கள் இன்றியமையாதவை; நிரல் கட்டளைகளும் ஆங்கில எழுத்திலேயே உள்ளன. எனினும், கருத்து மனத்தில் பதிவது தாய்மொழியிலேதான். புரியாத மொழியில் மனப்பாடம் செய்தவர் நேர்முகத் தேர்வில் ஒரு வினாவை மாற்றிக் கேட்டால் திகைத்துவிடுகிறார். ஆகவே, கருத்தைத் தமிழில் கற்று, சொல்லை ஆங்கிலத்தில் பழகுவதே நேரிய வழி. வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும் பிள்ளைகளுக்கு ஆசிரியர் அம்மொழியில் இரண்டொரு வாக்கியம் எடுத்துச் சொல்வதும் பேருதவியாகும்.

ஊராட்சியின் கடமை

1948-ஆம் ஆண்டு சென்னைப் பொது நூலகச் சட்டம் இத்துறையில் நாட்டிற்கே வழிகாட்டியது. சீர்காழியில் பிறந்த நூலகத் தந்தை எஸ். ஆர். அரங்கநாதன் அவர்கள், நூல்கள் பயன்பாட்டிற்கே என்பதைத் தம் ஐந்து விதிகளுள் முதலாவதாக வைத்து 1931-லேயே நூலெழுதினார். நாம் செலுத்தும் வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்ந்தே வசூலாகிறது. 2006-ஆம் ஆண்டு தொடங்கிய அனைத்து கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தின்கீழ் ஊராட்சிகளில் நூலகக் கட்டடங்களும் எழுந்தன. கட்டடம் இருக்கிறது, அதனுள் இருப்பது பயன்படுகிறதா என்று பார்ப்பது நம் பொறுப்பு.

இதற்கு ஊராட்சிகள் பின்வருவனவற்றைச் செய்யலாம்:

(அ) கணினி நூல் வாங்கும் பட்டியலில் விலைக்கு அருகே பதிப்பு ஆண்டு, கற்பிக்கும் பதிப்பு எண் ஆகிய இரண்டு பத்திகளைச் சேர்த்தல். இவை நிரப்பப்படாத பட்டியலைத் திருப்பி அனுப்புதல்.

(ஆ) அருகிலுள்ள மேல்நிலைப் பள்ளியின் கணினி ஆசிரியர் ஒருவர், கல்லூரி மாணவர் ஒருவர், ஊரிலிருந்து கணினி வேலைக்குச் செல்பவர் ஒருவர் ஆகிய மூவரிடம் பட்டியலைக் காட்டிக் கருத்துப் பெறுதல். மூன்றாமவரைத் தேடி வெகுதூரம் செல்ல வேண்டுவதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் ஊரிலேயே இருப்பார்.

(இ) பன்னிரண்டாம் வகுப்பை முடித்த மாணவரிடமிருந்து பழைய பாடநூல்களை நன்கொடையாகப் பெற்று நூலகத்தில் வைத்தல்.

(ஈ) ஆண்டிற்கு ஒருமுறை அலமாரியைச் சோதித்து, காலங்கடந்த கருவி நூல்களின்மேல் "இக்கட்டளைகள் இன்று வழக்கில் இல்லை" என்று எழுதி ஒட்டுதல். நீக்க வேண்டியவற்றை உரிய முறைப்படி நீக்குதல். ஒரு சிறு துண்டுத் தாள் ஒட்டியிருந்தால், நாம் முன்னர்க் குறிப்பிட்ட மாணவி இடையில் கல்வியைக் கைவிட்டிருக்க மாட்டார்.

(உ) விலை மிகுந்த அடிப்படை நூல்களை ஊருக்கு ஒன்றாக வாங்காமல், அண்டை ஊராட்சிகள் நான்கைந்து சேர்ந்து வெவ்வேறு நூல்களை வாங்கித் தம்முள் மாற்றிக்கொள்ளுதல்.

பயின்றது எதற்குப் பயன்படும்?

வேலைக்குப் போவது ஒன்றே இக்கல்வியின் பயனன்று. நூலில் உள்ள பயிற்சிகளோடு நின்றுவிடாமல், ஊர் வேலை ஒன்றைச் செய்து பார்க்குமாறு இளைஞரைத் தூண்டுதல் வேண்டும். மேலே குறிப்பிட்ட மாணவிக்கு, அவர் பயின்ற பள்ளியின் பாடநூலும், புதிய பதிப்பை விளக்கும் வேறொரு நூலும் கிடைக்குமாறு பின்னர் ஏற்பாடு செய்தோம். தடைப்பட்ட பாடத்தை ஒரே மாலையில் முடித்தார். பின்னர், தம் தந்தை சந்தைக்கு அனுப்பும் தக்காளிப் பெட்டிகளின் எண்ணிக்கை, அன்றைய விலை, வண்டிக் கூலி, தரகு ஆகியவற்றை நாள்தோறும் பதியும் ஒரு சிறு தரவுத்தளத்தை அமைத்தார். ஒரு பருவம் முடிந்ததும், விலை குறைந்த நாள்களில் வண்டிக் கூலி கொடுத்து அனுப்பியதால் எவ்வளவு நட்டம் என்பது அக்குடும்பத்திற்கு முதன்முறையாகக் கணக்காகத் தெரிந்தது. அடுத்த பருவத்தில் அண்டை வயல்காரர் இருவரோடு சேர்ந்து ஒரே வண்டி பிடித்தனர்.

பால் கூட்டுறவுச் சங்கத்தின் அளவைக் கணக்கு, மகளிர் சுய உதவிக் குழுவின் சேமிப்புக் கணக்கு, குடிநீர்த் தொட்டி திறக்கும் நேரம், மாந்தோப்புகளின் மருந்தடிப்புக் குறிப்பு ஆகிய யாவும் இத்தகைய பயிற்சிக்கு ஏற்றவையே. ஆனால் ஓர் எச்சரிக்கை: பிறருடைய ஆதார் எண், வங்கிக் கணக்கு எண் முதலியவற்றைப் பயிற்சிக்காகப் பதியலாகாது. தனிநபர் தரவுப் பாதுகாப்பிற்கென 2023-ஆம் ஆண்டில் தனிச் சட்டமே இயற்றப்பட்டுள்ளது. பயிற்சிக்குக் கற்பனைப் பெயர்களும் எண்களும் போதும்.

முடிவுரை

விதை வாங்கும்போது சான்றட்டையைப் பார்க்கிறோம். உரமூட்டை வாங்கும்போது எடையைப் பார்க்கிறோம். மக்களின் கல்விக்கு நூல் வாங்கும்போதும் அதே கவனத்தைச் செலுத்துவோமாக. வரும் கிராம சபைக் கூட்டத்திற்கு முன்பு, ஊராட்சி உறுப்பினர்கள் ஒரு மாலை நேரம் ஒதுக்கி, தம் நூலக அலமாரியிலுள்ள கணினி நூல்களை எடுத்து, ஒவ்வொன்றின் பதிப்பு ஆண்டையும் ஒரு தாளில் குறித்து வருமாறு கேட்டுக்கொள்கிறோம். அத்தாளைக் கூட்டத்தில் படித்துக் காட்டினால், அடுத்து வாங்க வேண்டிய நூல் எது, ஒதுக்க வேண்டிய நூல் எது என்பது யாவருக்கும் தெளிவாகும். இதற்குச் செலவு ஏதுமில்லை. பயனோ நம் பிள்ளைகளுக்கு.